இடப்பக்கம், சரி

தொகாஷி யசுனோரிக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது ஒரு பிப்ரவரி காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டில எத்தனை பேர் இருந்தாங்க?" என்பதுதான். மனைவி ஃபுமியே, "நீங்க வீட்டுலதான் இருந்தீங்க. வாயில பிரஷ் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். தனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க இரண்டு நாள் ஆயிற்று. மனுஷன் அப்படி.

மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். ஆனால் படகில் கால் வைத்தாலே குமட்டும். அப்பாவும் அண்ணன்மாரும் அவரைக் கேலி செய்தே வளர்த்தார்கள். பதினெட்டு வயதில் கடலோரத்து ரயில் கம்பெனியில் பிளாட்பாரம் கூட்டும் வேலைக்குப் போனார். இருபத்திரண்டில் கண்டக்டர், இருபத்தாறில் டிரைவர். அதன்பின் முப்பத்தொரு வருஷம் அதே ஒற்றைத் தடத்தில், பள்ளிப் பிள்ளைகளையும் மீன் கூடைக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு, கடலைப் பார்க்காமலே கடலோரமாகப் போய் வந்தார். கம்பெனி ஆள் குறைத்தபோது கண்டக்டர்களை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கதவும் அவர்தான், கண்ணாடியும் அவர்தான், ஒரு பெட்டிக்கு ஒரே ஆள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் வந்தால் வெள்ளைக் கையுறை போட்ட விரலை அதை நோக்கி நீட்டி, "புறப்பாடு சிக்னல், பச்சை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவை மூடினால் கதவைக் காட்டி, "கதவு, சரி." வண்டியை எடுக்கும் முன் "வலப்பக்கம், சரி. இடப்பக்கம், சரி." கேட்க ஆளே இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கண் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டுமே. விரலையும் வாயையும் காதையும் ஒரே பொருளில் கட்டிப்போட்டால் மனசு அந்த நேரத்துக்கு ஓட முடியாது. ரயில்காரர்கள் கண்டுபிடித்த கடிவாளம் அது.

யசுனோரி அந்தக் கடிவாளத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "அடுப்பு, அணைஞ்சது, சரி." "ஜன்னல், சரி." பெண் பார்க்க வந்த அன்றே, கிளம்பும்போது வாசலில் நின்று கீழே விரலை நீட்டி, "ஷூ, ரெண்டும் இருக்கு, சரி" என்றார். உள்ளே நின்ற ஃபுமியேவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் தங்கை, "அக்கா, ராத்திரியிலயும் விரலை நீட்டிக் கூவுவாரா, கேட்டுட்டு சம்மதம் சொல்லு" என்றாள். ஃபுமியே கேட்காமலே சம்மதம் சொன்னாள். அப்படிச் சிரித்து அவளுக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

கண் பார்க்காமல் வாய் மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் அந்த வேலையில் நடக்கும். பழக்கம்தானே, நாக்கு தானாகவே சொல்லிவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வெறுங்கூவல். யசுனோரிக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒனோதெரா என்று ஒரு டிரைவர், அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிளாட்பாரத்தில் போன யாரோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே "இடப்பக்கம், சரி" என்று சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்ற யசுனோரி வண்டியை எடுக்கவிடவில்லை. "இடப்பக்கம் என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். ஒனோதெரா முழித்தான். "ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாதது உன் அதிர்ஷ்டம். பார்க்காம சொன்னா அது பொய்டா. பொய் சொல்லிட்டு வண்டியை எடுக்காத" என்று அத்தனை பயணிகள் முன்னாலும் சொன்னார். வண்டி மூன்று நிமிஷம் தாமதம். அந்த மூன்று நிமிஷத்துக்கு அவரே விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஒனோதெரா அவரை ஒரு வருஷம் வெறுத்தான், அப்புறம் ஆயுசுக்கும் அவர் பின்னாலேயே திரிந்தான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கா இப்படி ஒரு நோய் வர வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பேச்சு போகவில்லை. நினைவு போகவில்லை. நேர அட்டவணையை நொடி சுத்தமாகச் சொன்னார். இடது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது, மூன்று வாரத்தில் அதுவும் தேறிவிட்டது. பார்க்க வந்தவர்கள், "தொகாஷி-சானுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று சந்தோஷமாகப் போனார்கள். ஃபுமியேவும் அப்படித்தான் நினைத்தாள், அந்தச் சாப்பாட்டுத் தட்டு வரும்வரை.

ஆஸ்பத்திரித் தட்டில் வழக்கம்போல இடது பக்கம் சோற்றுக் கிண்ணம், வலது பக்கம் மிசோ சூப், நடுவே மீன். யசுனோரி சூப்பைக் குடித்தார். மீனில் வலது பாதியைச் சுத்தமாகத் தின்றார், கத்தியால் வெட்டியதுபோல் மீதிப் பாதி கிடந்தது. பிறகு சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குச் சோறு கிடையாதா?"

நர்ஸ் தட்டைப் பார்த்தாள், ஃபுமியேவைப் பார்த்தாள். தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தாள். "அட, வந்துடுச்சே" என்று யசுனோரி சாப்பிட ஆரம்பித்தார்.

பயிற்சி கொடுக்க வந்த சகுமா என்ற பெண்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னாள். முப்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுவாள்.

"கண்ணுல குறை இல்லீங்க. கண் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கவனிக்கிற இடத்துலதான் அடைப்பு. ஒரு ஸ்டேஷன்ல ரெண்டு பேர் வேலை பாக்குறாங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ரெண்டு பிளாட்பாரத்தையும் பாத்துக்குவாரு. இன்னொருத்தர் தன் பக்கத்து பிளாட்பாரத்தை மட்டும்தான் பாப்பாரு. மூளையில வலது பாதிதான் அந்த முதல் ஆளு. இடது பாதி வலப்பக்கத்தை மட்டும் பாக்குற ஆளு. உங்க வீட்டுக்காரருக்கு வலது பாதியில அடி."

"அப்ப இடப்பக்கத்தை யார் பாக்குறா?"

"யாரும் பாக்கல."

"இன்னொருத்தர் பாத்துக்க மாட்டாரா? தெரியாதா அவருக்கு?"

"தெரியாதுங்க. அதுதான் கஷ்டமே. இருட்டா இருந்தா இருட்டா இருக்குன்னு தெரியும். இது அப்படி இல்ல. அவரைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பக்கமே கிடையாது. பேச்சு, கணக்கு எல்லாம் இடது பாதியில பத்திரமா இருக்கு. அதனால எல்லாம் சரின்னு வாய் நல்லா சொல்லும்."

கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாகப் போட்டார். பன்னிரண்டு எண்ணையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதினார். தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள், எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார்கள். வலது பக்கத்துக் கோடு ஒன்று விடாமல் அடித்துவிட்டு, விரலை நீட்டி, "முடிஞ்சது, சரி" என்றார். இடது பக்கம் நாற்பது கோடு கிடந்தது. சகுமா தாளைத் திருப்பிக் காட்டியபோது அவர் முகம் சிவந்தது. "இது வேற தாள்" என்றார்.

ஆனால் முப்பத்தொரு வருஷப் பழக்கம் சும்மா போகவில்லை. சகுமா கெட்டிக்காரி, அதையே பிடித்துக்கொண்டாள். தாளின் இடது ஓரத்தில் விரலை வை, "ஓரம், சரி" என்று சொல், அங்கிருந்து ஆரம்பி என்றாள். இரண்டு மாதத்தில் எல்லாக் கோட்டிலும் அடி விழுந்தது. கடிகாரத்தில் ஒன்பதும் பத்தும் தங்கள் இடத்துக்கே போயின. யசுனோரிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, இது எங்க கம்பெனி மருந்து" என்று ஃபுமியேவிடம் சொன்னார்.

கிளம்புவதற்கு முன்நாள் சகுமா இன்னொன்று செய்தாள். அதே தாளைக் கொடுத்து, "கோடு அடிச்சுக்கிட்டே நூறுலேருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லுங்க" என்றாள். "தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது" என்று தவறில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். கை ஓடியது. முடிந்ததும் பார்த்தால் இடது பாதி பழையபடி வெறிச்சென்று கிடந்தது. சகுமா அந்தத் தாளை அவரிடம் காட்டவில்லை, ஃபுமியேவிடம் மட்டும் காட்டினாள்.

"ஒரு வேலையை மட்டும் செஞ்சா சமாளிக்கிறாரு. ரெண்டு வேலை சேர்ந்தா, இருக்கிற கவனமெல்லாம் அதுக்கே சரியாயிடுது. இடப்பக்கத்துக்கு மிச்சம் இல்ல."

"வண்டி ஓட்டுறப்ப?"

"வண்டி ஓட்டுறதுல எத்தனை வேலைங்க சேர்ந்து வருது?" என்று சகுமா திருப்பிக் கேட்டாள்.

மே மாதம் வீட்டுக்கு வந்தார். ஃபுமியே தப்பு செய்தது அப்போதுதான். கெட்ட எண்ணத்தில் செய்த தப்பு இல்லை, பாவம். டீக் கோப்பையை வலப்பக்கமாக வைத்தாள். பேப்பரை வலப்பக்கமாக வைத்தாள். சவரத்தில் விட்டுப்போன இடது கன்னத்தை, "சோப்பு இருக்கு" என்று சொல்லித் தானே வழித்துவிட்டாள். சோற்றுக் கிண்ணத்தையும் சூப்பையும் இடம் மாற்றி வைத்தாள். முதல் நாள் அப்படி வைத்துவிட்டு, பழையபடி மாற்றி, மறுபடி வலப்பக்கமே வைத்தாள். சோறு வலப்பக்கம் போவது செத்தவர்களுக்குப் படைக்கிற தட்டில்தான். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு மூன்று வேளையும் அப்படிப் படைத்தாள். அவர் கவனிக்கவே இல்லை. "பாரு, இப்பெல்லாம் சோறு ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல நான்" என்றார்.

இப்படி வீடு முழுக்க மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் தனக்குக் குணமாகிவிட்டது என்று நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்?

செப்டம்பரில் ஒரு நாள் இருவரும் கடைக்கு நடந்து போனார்கள். சாலையைக் கடக்கும் முன் யசுனோரி நின்றார், விரலை நீட்டினார். "வலப்பக்கம், சரி. இடப்பக்கம், சரி." அப்புறம் ஃபுமியேவைப் பார்த்து, "முட்டை வாங்கணும்னியே, எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே காலை எடுத்து வைத்தார். இடப்பக்கத்திலிருந்து தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஃபுமியே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்து விழுந்தது. தபால்காரர் நிறுத்திவிட்டுத் திட்டினார்.

"எங்கேருந்துய்யா குதிச்ச நீ?" என்று யசுனோரி அவரைத் திட்டினார். வீட்டுக்கு வரும்வரை, இந்தக் காலத்து ஆட்கள் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றியே பேசினார். ஃபுமியேவின் விரல்கள் காலரைப் பிடித்த பிடியிலேயே மடங்கிக் கிடந்தன.

அன்றே அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அவர் ஒன்றே ஒன்றுக்காகத்தான் காலையில் எழுந்துகொண்டிருந்தார். மறுபடி வண்டி ஓட்ட வேண்டும். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. "அறுபதாவது வயசுல, கடைசி நாள், கடைசி ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்தி நானா இறங்கணும். பல் பிரஷ்ஷோட இறங்கினேன்னு இருக்கக் கூடாது" என்பார். டெப்போ தலைவர் ககாயா நல்ல மனுஷன். டாக்டர் குழுவுக்கு அனுப்பும் முன் யார்டில் நிற்கிற வண்டியில் ஒரு சோதனை வைக்கிறேன், தேறினால் மேலே எழுதுகிறேன் என்றார். நாள் குறித்தார்கள். அக்டோபர் பதினேழு, காலை பத்தரை மணி.

ஃபுமியே மனசுக்குள் இரண்டாகக் கிடந்தாள். தேறிவிட வேண்டும் என்று புத்தர் மாடத்தின் முன் உட்கார்ந்து வேண்டிக்கொள்வாள். எழுந்திருக்கும்போது அந்த வண்டியில் ஏறுகிற பள்ளிப் பிள்ளைகள் ஞாபகம் வரும். திரும்ப உட்கார்ந்து என்ன வேண்டுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவாள்.

அன்று குளிர்ந்த மழை. யசுனோரி சீருடையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டார். உடம்பு இளைத்திருந்ததால் தோளில் தொங்கியது. யார்டில் நின்ற ஒற்றைப் பெட்டியில் ஏறி, டிரைவர் இடத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்தார். ககாயா அவருக்கு வலப்பக்கம் நின்றார். ஃபுமியேவைக் கூரைக்கடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து டிரைவர் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது, திறந்திருந்ததால் குரலும் கேட்டது.

முதலில் நிதானமாக ஒரு தடவை. ஒவ்வொன்றாக விரலை நீட்டி, தலையைத் திருப்பி, சரியாகச் செய்தார். ககாயாவின் முகம் மலர்ந்தது. "தொகாஷி-சான், இப்ப உண்மையா ஓட்டுற மாதிரி. ஏழு பன்னிரண்டு வண்டி. ஒவ்வொரு ஸ்டேஷன் நேரத்தையும் சொல்லிக்கிட்டே எல்லாச் சரிபார்ப்பையும் செய்யுங்க."

யசுனோரி ஆரம்பித்தார். "ஹமானே, ஏழு பன்னிரண்டு முப்பது. கதவு, சரி. இசோசாகி, ஏழு பதினெட்டு பதினைந்து." ஒரு நொடி பிசகவில்லை. அந்த நேரத்தில்தான் ஒனோதெரா ஷெட்டுக்குப் பின்னாலிருந்து வந்து, பெட்டிக்கு இடப்பக்கம், ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நின்றான். கையில் சிவப்புக் கொடி. அதை விரித்து, யசுனோரியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். மழை அவன் தொப்பியிலிருந்து வழிந்தது.

"குரோயிவா, ஏழு இருபத்தாறு. புறப்பாடு சிக்னல், பச்சை. வலப்பக்கம், சரி." யசுனோரியின் கை இடப்பக்கம் நீண்டது. வெள்ளைக் கையுறை விரல் ஒனோதெராவின் நெஞ்சை நேராகச் சுட்டியது. "இடப்பக்கம், சரி."

கணீரென்ற குரல். ரயில்காரன் குரல்.

ஒனோதெரா அசையவில்லை. கொடியையும் இறக்கவில்லை. ககாயா தாளில் ஏதோ எழுதினார், அல்லது எழுதுவதுபோல் குனிந்துகொண்டார். யசுனோரி கடைசி ஸ்டேஷன் வரை சொல்லி முடித்துவிட்டு வலப்பக்கமாகத் திரும்பி, "எப்படி?" என்றார்.

"நல்லா செஞ்சீங்க" என்றார் ககாயா. "முடிவு தபால்ல வரும்." அதற்குள் ஒனோதெரா ஷெட்டுக்குள் போய்விட்டான்.

பஸ்ஸில் வரும்போது யசுனோரிக்குக் கால் தரையில் இல்லை. குளிர் வருவதற்குள் புதுக் கையுறை கேட்க வேண்டும், கம்பெனி கொடுப்பது இரண்டு துவைப்பில் சுருங்கிவிடுகிறது என்றார். ஃபுமியே ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தபால் வந்து தெரியட்டும் என்று ஒரு மனசு. யாரோ எழுதிய கடுதாசியில் தெரியவா இந்த மனுஷன் முப்பத்தொரு வருஷம் கூவினார் என்று ஒரு மனசு.

வீட்டுக்கு வந்து அவர் கையுறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் அவருடைய வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இடப்பக்கம் ஒனோதெரா-சான் நின்னாரு. சிவப்புக் கொடி வச்சுக்கிட்டு."

அவர் புரியாமல் பார்த்தார். "எங்க?"

"யார்டுல. ஜன்னல் பக்கத்துல. நீங்க அவரைப் பாத்து விரலை நீட்டி, சரின்னீங்க."

"யாரும் நிக்கல."

"நின்னாரு."

"ஃபுமி." குரல் கெட்டியானது. "முப்பத்தொரு வருஷம். பாக்காத ஒண்ண நான் சரின்னு சொன்னதில்ல. உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அவர் எழுந்து போனுக்குப் போனார். ஒனோதெராவின் எண் மனப்பாடம். ஃபுமியே உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"நான்தான். இன்னிக்கு நீ எங்கடா இருந்த?" கொஞ்ச நேரம் கேட்டார். "ம். ம். சரி. ஒண்ணுமில்ல, சும்மாதான்." போனை வைத்துவிட்டு வந்தார். முகத்தில் ஜெயித்த களை.

"அவன் நிக்கவே இல்லையாம். இடப்பக்கம் யாருமே இல்லையாம். என்னமோ கனவு கண்டிருக்க நீ."

ஃபுமியேவுக்கு ஒனோதெரா மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. நல்லவனாக இருக்க அவனுக்கு ஒரு பொய் போதும், மீதியை அவள் அல்லவா சுமக்க வேண்டும். "அப்ப நான் பொய் சொல்றேன்" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படி?"

அவர் பேப்பரை எடுத்தார், வைத்தார். மழை விட்டு வெயில் லேசாகத் தலைகாட்டியது. அவள் எழுந்து போய் முள்ளங்கி நறுக்கினாள். நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்து, மேஜையில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளம் போலும்.

"நேரா, பச்சை" என்றார், தனக்குத்தானே. "வலப்பக்கம், காலி. இடப்பக்கம், காலி. மூணும் சரியா இருந்தா அப்புறம் அது என்ன சோதனை? ககாயா அப்படிச் சோதனை வைக்கிற ஆளில்லையே. நானா இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல ஆளை நிறுத்தியிருப்பேன்."

ஃபுமியே கத்தியோடு நின்றாள்.

"நேரா நிறுத்தினா தெரிஞ்சிருக்கும். வலப்பக்கம்னா தெரிஞ்சிருக்கும்." விரல் மேஜையில் நின்றது. "நான் அவன்கிட்ட, எங்க இருந்தன்னுதான் கேட்டேன். இடப்பக்கம்னு நான் சொல்லவே இல்ல. அவனாத்தான் சொன்னான், இடப்பக்கம் யாருமே நிக்கலைன்னு."

கோடு போட்ட விரலை மேஜையிலிருந்து எடுத்தார். பிறகு, "நின்னிருக்கான்" என்றார்.

"ஆமாங்க."

"சிவப்பா?"

"சிவப்பு."

"கணக்கு போட்டா வருது, ஃபுமி. வேற விடையே வரல. ஆனா நினைச்சுப் பாத்தா அங்க யாருமே இல்ல. இப்பவும் இல்ல." அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மறுபடி போனில் எண் சுழற்றும் சத்தம் கேட்டது.

"ககாயா-சான், தொகாஷி. இன்னிக்குப் பத்து நாற்பது வாக்குல நான் வெறுங்கூவல் செஞ்சிருக்கேன். ஆமா, எனக்குத் தெரியும். இல்ல, ஒனோதெரா சொல்லல, அவனை ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க தபால் போட வேண்டாம். பதிவுல அப்படியே எழுதிடுங்க, சிவப்புக் கொடிக்கு முன்னால சரின்னு சொன்னான்னு." அந்தப் பக்கம் ககாயா ஏதோ நீளமாகச் சொன்னார். "இல்லீங்க. நாளைக்குச் சீருடையைக் கொண்டுவந்து கொடுத்துடறேன். கையுறை மட்டும் இன்னும் காயல."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஃபுமியே சமையலறையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மறந்துபோனாள். அழுகை வந்துவிட்டது.

அவர் தலையைத் தூக்கினார். காது கேட்டது, ஆனால் முகம் வலப்பக்கமாகத் திரும்பியது. அங்கே இருந்த சுவரிலும் அலமாரியிலும் அவளைத் தேடினார்.

"ஃபுமி? எங்க இருக்க?"

"இங்கதான் இருக்கேன்."

"இங்கன்னா?"

"உங்க இடப்பக்கம்."

அவர் தலை அசையவில்லை. திருப்ப முயன்றாரோ என்னவோ, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. "நீ சொல்றதால இருக்கன்னு வச்சுக்கிறேன்" என்றார். "இந்தப் பக்கம் வாயேன். உன்னைப் பாக்கணும்."

அவள் எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஈரமாக இருந்த கன்னத்தைப் பார்த்தார்.

"எப்ப வந்த?" என்றார்.